கப்பல் எதுவரை போகும்? ஆரம்பகால ஆங்கிலேயக் காலனிகளில் நிலமும் வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி 1733-இல் ஜார்ஜியா வரை ஆங்கிலேயர்கள் 13 காலனிகளைச் சேர்த்தார்கள். பாடப் புத்தகங்கள் அவற்றை மூன்று கட்டத்துக்குள் அடைத்துவிடும்: வடக்கே மீன், நடுவில் கோதுமை, தெற்கே புகையிலை. தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரே நாட்டிலிருந்து, ஒரே மொழி பேசிக்கொண்டு, ஒரே சட்டப் பழக்கத்தோடு வந்தவர்கள் 50 ஆண்டுக்குள் எப்படி இத்தனை விதமாக வாழ ஆரம்பித்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டங்களில் விடை இல்லை. எந்தக் காலனியை எடுத்தாலும் கடலிலிருந்து வந்த கப்பல் எதுவரை உள்ளே போக முடிந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பாதி விஷயம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

வரைபடத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கடற்கரையில் விரலை வைத்து மேற்கே நகர்த்துங்கள். முதலில் தாழ்வான கடலோரச் சமவெளி, அப்புறம் மேட்டு நிலம், அதற்கும் அப்பால் அப்பலாச்சியன் மலைத்தொடர். வடக்கே மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் சமவெளி மிகக் குறுகல். பாறை கடலை ஒட்டியே வந்துவிடும். தெற்கே போகப் போக அது நூறு, நூற்றைம்பது மைல் வரை அகன்றுவிடும்.

மேட்டு நிலத்தின் கடினப் பாறை முடிந்து சமவெளியின் இளகிய மண் தொடங்கும் இடத்தில் ஆறுகள் சரிந்து விழுகின்றன. அந்த இடங்களை வரிசையாக இணைத்தால் கிடைப்பது ‘அருவிக் கோடு’. கடலிலிருந்து வரும் கப்பல் அங்கே நின்றாக வேண்டும். அங்கே விழும் தண்ணீரே மாவு ஆலையையும் சுற்றும். ரிச்மண்ட், ஜார்ஜ்டவுன், ட்ரென்டன் எல்லாம் இந்தக் கோட்டில் முளைத்த ஊர்கள்தான்.

ஆங்கிலேயர்கள் வரும்போது அந்த நிலத்தைப் பற்றி என்ன நினைத்திருந்தார்கள்?

அட்சரேகை ஒன்றாக இருந்தால் தட்பவெப்பமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பினார்கள். ஜேம்ஸ்டவுன் ஏறக்குறைய 37 டிகிரியில் இருக்கிறது. ஸ்பெயினின் செவில் நகரமும் அங்கேதான். பாஸ்டன் ஏறக்குறைய ரோம் இருக்கும் ரேகையில். அப்படியானால் வர்ஜீனியாவில் ஆலிவ் காய்க்கும், திராட்சை பழுக்கும், பட்டுப்புழு வளரும் என்பது அவர்கள் கணக்கு. 1619-இல் கூடிய வர்ஜீனியா சட்டமன்றம் திராட்சைக் கொடியும் முசுக்கொட்டை மரமும் நடச் சொல்லிச் சட்டமே போட்டது.

கணக்கு தப்பிப் போனதற்குக் காரணம் காற்று. மேற்கு ஐரோப்பாவுக்குக் காற்று கடலைத் தாண்டி வருகிறது. அதனால் அங்கே கோடையும் குளிரும் மிதமாக இருக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அதே மேற்குக் காற்று ஒரு கண்டத்தையே கடந்து வருகிறது. கோடையில் வேகும், குளிரில் உறையும். போதாததற்கு உலகின் வடபகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த ‘சிறு பனியுகம்’ என்ற காலம் அது.

ஜேம்ஸ்டவுனில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் அங்கே இறங்கினார்கள். அடுத்த ஜனவரியில் உயிரோடு இருந்தவர்கள் 38 பேர். சோம்பேறிகள், வேலை தெரியாத கனவான்கள் என்று திட்டிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அவர்கள் குடித்த தண்ணீரைப் பற்றிப் பேசுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது கப்பலுக்காக. கரையை ஒட்டியே ஆழம் இருந்ததால் கப்பலை மரத்தில் கட்டலாம். கடலிலிருந்து தள்ளி உள்ளே இருப்பதால் ஸ்பானியக் கப்பல்கள் சட்டென்று வந்து தாக்க முடியாது. நிலத்தோடு ஒரு குறுகிய திட்டு மட்டுமே இணைத்ததால் காவலுக்கும் சுலபம். கப்பலுக்கும் பீரங்கிக்கும் அருமையான இடம், மனிதனுக்கு மோசமான இடம்.

ஜேம்ஸ் ஆற்றில் அந்தப் பகுதி வரை கடல் ஏறி இறங்கும்; அந்த ஏற்ற இறக்கம்தான் ஓதம். கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் உப்பு மேலேறும். உப்பு நீரும் நன்னீரும் முட்டிக்கொள்ளும் அந்த எல்லையில் தண்ணீர் கடலுக்குப் போகாமல் ஓதத்தோடு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். கோட்டையின் கழிவும் அதோடு ஆடும். அதைத்தான் மொண்டு குடித்தார்கள். வயிற்றுக்கடுப்பு, குடற்காய்ச்சல், உப்பு நஞ்சு எல்லாம் சேர்ந்து ஆட்களைச் சாய்த்தன.

வறட்சி அதற்கு மேல். அந்த வட்டாரத்துச் சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஆய்வு, 1606 முதல் 1612 வரையிலான ஏழு ஆண்டுகள் 770 ஆண்டுகளிலேயே மிக வறண்டவை என்று காட்டியது. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான பௌஹாட்டன் மக்களின் சோளமும் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களிடம் போய் உணவு கேட்டார்கள், பிறகு மிரட்டினார்கள், பிறகு பறித்தார்கள். 1609–10 குளிர்காலப் பஞ்சம் முடிந்தபோது ஜேம்ஸ்டவுனில் எஞ்சியவர்கள் சுமார் 60 பேர்.

பௌஹாட்டன் மக்கள் கோடை முழுக்க ஒரே இடத்தில் கூடி உட்காரவில்லை. பருவத்துக்கு ஏற்ப மீன் துறைக்கும் காட்டுக்கும் ஊற்றுப் பக்கத்துக்கும் பிரிந்து போனார்கள். வந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தும் கோட்டைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 1699-இல் வர்ஜீனியாவின் தலைநகரமே அங்கிருந்து மேட்டுப் பகுதிக்கு, பின்னாளைய வில்லியம்ஸ்பர்க்குக்கு, மாறிவிட்டது.

வர்ஜீனியாவில் ஏன் பெரிய ஊர்களே உருவாகவில்லை?

ஊர் தேவைப்படவில்லை. செசபீக் விரிகுடாவில் ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொடோமாக் என்ற நான்கு பெரிய ஆறுகள் மேற்கிலிருந்து வந்து விழுகின்றன. நான்கும் அகலம், ஆழம், அருவிக் கோடு வரை ஓதம் ஏறும். லண்டனிலிருந்து கிளம்பிய கப்பல் நேராகப் பண்ணைக்காரரின் சொந்தப் படகுத்துறையிலேயே வந்து நின்றது. துணி, கண்ணாடி, கலப்பைக் கொழு எல்லாம் அங்கேயே இறங்கின, புகையிலை அங்கேயே ஏறியது. சந்தையே வாசலுக்கு வந்துவிட்டால் கடைத்தெரு எதற்கு?

அடுத்த காரணம் புகையிலைச் செடி. ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் கரீபியப் பக்கத்துப் புகையிலை ரகத்தை வர்ஜீனியாவில் நட்டுப் பார்த்தார். 1617-இல் சுமார் 20,000 பவுண்டு எடை இங்கிலாந்துக்குப் போனது. 1700 வாக்கில் செசபீக் பகுதியின் ஏற்றுமதி ஆண்டுக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல். இந்தச் செடி மண்ணை உறிஞ்சிவிடும். மூன்று நான்கு போகம் எடுத்தபின் அந்த வயலை 20 ஆண்டு வரை தரிசாக விட வேண்டும். அதனால் பத்து ஏக்கரில் பயிரிடுகிறவர் கைவசம் பல மடங்கு நிலம் வைத்திருந்தார். கடல் கடக்கும் செலவை யார் கொடுக்கிறாரோ அவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்ற விதியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று மைல் கணக்கில் தள்ளி வைத்தன.

ஆற்றங்கரை கிடைக்காத சிறு விவசாயி என்ன செய்தார்? புகையிலையை அடுக்கிய பெரிய மரப்பீப்பாய் ஏறக்குறைய நான்கு அடி உயரம் இருக்கும்; 18-ஆம் நூற்றாண்டில் நிறைந்த பீப்பாய் 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ. அதைத் தூக்கவா முடியும்? படுக்கப் போட்டு, இரண்டு முனையிலும் அச்சு அடித்து, மாட்டையோ குதிரையையோ பூட்டி, துறைவரை உருட்டிக்கொண்டே போனார்கள். ஓடையில் இறங்கினால் சரக்கு நனைந்து கெடும் என்பதால் வழி மேட்டையே தேடித் தேடி வளைந்தது. அப்படி உருட்டிய தடங்கள்தான் பிறகு சாலைகளாயின.

1680-இல் வர்ஜீனியா அரசு ‘ஊர்கள் அமையட்டும்’ என்று சட்டம் போட்டு இடங்களையும் குறித்துக் கொடுத்தது. பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுவிட்டன. மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும், மாவட்ட நீதிமன்றம் கூடும் நாளிலும்தான்.

நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடக்குக் காலனிகளில்) மட்டும் நெருக்கமான ஊர்கள் எப்படி? அது மதத்தினால்தானே?

மதம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. 1630-களில் மாசசூசெட்ஸுக்கு வந்த சுமார் 20,000 பேரில் பெரும்பாலோர் பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பியவர்கள். அதிலும் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஒரு சபையே மொத்தமாக வந்தது. புதிய ஊர்களில் வழிபாட்டு மன்றத்திலிருந்து அரை மைலுக்கு அப்பால் வீடு கட்டக்கூடாது என்று 1635-இல் உத்தரவு வந்தது. 50 குடும்பம் உள்ள ஊர் எழுத்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்றது 1647-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆனால் இதே சட்டத்தை வர்ஜீனியாவில் போட்டிருந்தால் நடந்திருக்குமா? பள்ளிக்குப் பிள்ளை எத்தனை மைல் நடந்து வரும்? நியூ இங்கிலாந்தின் நிலம் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்தது. அங்கே பெரும்பாலான ஆறுகள் குட்டையானவை, அருவிகள் கடலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். கப்பல் உள்ளே போக முடியாததால் சரக்கு பாஸ்டன், சேலம், நியூபோர்ட் போன்ற துறைமுகங்களில் வந்து குவிந்தது. பயிர்க்காலம் நான்கைந்து மாதம்தான். ஏற்றுமதிக்கென்று பெருமளவில் விளைவிக்கக்கூடிய பயிர் எதுவும் இல்லை. எனவே பெரும்பண்ணை வாங்கி ஆட்களை இறக்கி வேலை வாங்குவதில் பெரிய லாபம் கிடையாது. குடும்பத்தின் கைகளே போதும் என்ற அளவில் நிலங்கள் அமைந்தன. நடுவில் பொது மேய்ச்சல் திடல், சுற்றி வீடுகள், ஊருக்கு வெளியே வயல் பங்குகள். ஊர்க் கூட்டத்தில் வேலியிலிருந்து வரி வரை பேசி முடிவெடுத்தார்கள். நம்பிக்கை கேட்டதை நிலம் கொடுத்தது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

அந்தப் பகுதியின் கல் வேலிகள் ஏன் அவ்வளவு பிரபலம்?

பனிப்பாறைகள் வழித்துப்போட்ட நிலம் அது. கேப் காட், லாங் தீவு இரண்டுமே உருகிய பனிப்பாறை இறக்கிவிட்ட மண்மேடும் மணலும்தான். வயலில் கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்குவார்கள். குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும்போது அடியில் இருக்கும் கல்லை மேலே தள்ளிவிடும். வசந்தத்தில் வந்து பார்த்தால் வயலில் மறுபடியும் கல் முளைத்திருக்கும். மறுபடியும் பொறுக்கு, மறுபடியும் அடுக்கு.

மண் சரியில்லை என்றால் எதை விற்றுப் பிழைத்தார்கள்?

கருவாடு விற்றார்கள். காட் என்ற மீன் கேப் காடிலிருந்து ஜார்ஜஸ் திட்டு, நியூஃபவுண்ட்லாந்து வரை கடலுக்கடியில் உள்ள ஆழம் குறைந்த மேடுகளில் மந்தை மந்தையாகக் கிடந்தது. கொழுப்பு குறைவான மீன் என்பதால் உப்புப் போட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். 1784-இல் மரத்தில் செதுக்கிய ஐந்தடி காட் மீன் ஒன்று இன்றும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் தொங்குகிறது. அவ்வளவு நன்றி அந்த மீனுக்கு.

நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. உடைந்தது, சரியாகக் காயாதது, தரம் குறைந்தது எல்லாம் பார்படோஸ், ஜமைக்கா பக்கம் போனது, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் தட்டுக்கு. பார்படோஸ் மொத்தமே சுமார் 430 சதுர கிலோமீட்டர். 1640-களிலிருந்து காட்டை வெட்டி ஏறக்குறைய முழுத்தீவையும் கரும்பாக்கியதால் உணவும் விறகும் பலகையும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. கொடுத்தது நியூ இங்கிலாந்து. திரும்பி வந்த வெல்லப்பாகு பாஸ்டனிலும் நியூபோர்ட்டிலும் ரம் ஆனது. வடக்கே சிறு விவசாயிகளின் சுதந்திர சமூகம், தெற்கே அடிமைச் சமூகம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசும்போது இந்தக் கருவாட்டுக் கூடையை மறந்துவிடக்கூடாது.

காடு?

வெள்ளைப் பைன் மரங்கள் பாய்மரக் கம்பத்துக்கென்றே வளர்ந்தவை போல நேராக, உயரமாக நின்றன. 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரங்கள் கடற்படைக்காக அரசருக்குச் சொந்தம் என்று மாசசூசெட்ஸின் 1691-ஆம் ஆண்டுச் சாசனம் சொன்னது. மரத்தில் அம்பு அடையாளம் வெட்டி வைப்பார்கள். தன் நிலத்து மரத்தைத் தானே வெட்ட முடியாத கோபம் 1772-இல் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் ஊரில் கலகமாக வெடித்தது. அதே காடுதான் கப்பல் கட்டும் தொழிலையும் வளர்த்தது. 1770-களில் பிரிட்டனில் பதிவான கப்பல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அமெரிக்காவில் கட்டப்பட்டது.

வடக்கே ஆயுள் அதிகம், தெற்கே குறைவு என்கிறார்களே, உண்மையா?

17-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் மிகப் பெரிது. மாசசூசெட்ஸின் ஆண்டோவர் ஊரில் வளர்ந்து ஆளான முதல் தலைமுறையினர் சராசரியாக 70 வயதைத் தொட்டார்கள். ஓடும் நல்ல தண்ணீர், கொசுவைக் கொல்லும் நீண்ட குளிர், நோய் வேகமாகப் பரவாத சிறு ஊர்கள். தாத்தா பாட்டி மடியில் பேரப்பிள்ளைகள் வளர்ந்தது அந்தக் காலத்து உலகத்தில் அபூர்வம். அதற்கும் ஒரு விலை இருந்தது. அப்பா உயிரோடு இருக்கும்வரை நிலம் கைக்கு வராமல் மகன்கள் முப்பது வயதிலும் காத்துக்கிடந்தார்கள்.

செசபீக்கில் சதுப்பு, மலேரியா, கெட்ட தண்ணீர். புதிதாக வந்தவர் முதல் கோடையைத் தாண்டினால்தான் ஆள் கணக்கில் வருவார். வந்தவர்களில் பெரும்பான்மையோர் நான்கு முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த இளைஞர்கள், பெண்கள் மிகக் குறைவு. கல்யாணம் தாமதமாகும், சீக்கிரமே ஒருவர் இறப்பார், மற்றவர் மறுமணம் செய்வார். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று வெவ்வேறு உறவில் வந்த பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்வது அங்கே சாதாரணம். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ளவே தனி நீதிமன்ற அமர்வு நடந்தது.

நடுக் காலனிகள் ஏன் இவ்வளவு கலவையாக இருந்தன?

நிலம் நன்றாக இருந்தது, கதவும் திறந்திருந்தது. வில்லியம் பென் 1681-இல் பென்சில்வேனியாவுக்கான சாசனம் பெற்று, அடுத்த ஆண்டு டெலவேர் ஆறும் ஸ்கூல்கில் ஆறும் சேரும் இடத்தில் பிலடெல்பியாவை அமைத்தார். கடலிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் கப்பல் வந்துவிடும். பின்னால் லங்காஸ்டர் பக்கம் சுண்ணாம்புப் பாறை சிதைந்து உண்டான வளமான மண். கோதுமைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? மத சுதந்திரம் உண்டு என்று கேள்விப்பட்டு ரைன் பகுதி ஜெர்மானியர்களும் அல்ஸ்டர் ஸ்காட்லாந்துக்காரர்களும் திரண்டு வந்தார்கள்.

கோதுமை மூட்டையைப் புகையிலைப் பீப்பாய் போல உருட்ட முடியாது. அதற்கு வண்டி வேண்டும், வண்டிக்குச் சாலை, சாலைக்குக் கொல்லர், சேணம் தைப்பவர், சத்திரம், ஆலை. இப்படி ஊர் ஊராகக் கைவினைஞர்கள் பெருகினார்கள். லங்காஸ்டர் பகுதியின் கானஸ்டோகா வண்டியின் அடிப்பகுதி நடுவில் தாழ்ந்து இரண்டு முனையிலும் உயர்ந்திருக்கும். மேடு ஏறும்போதும் இறங்கும்போதும் சரக்கு சரியாமல் இருக்க அந்த வளைவு. நல்ல நிலம் விலை ஏறியதும் பிற்பாடு வந்தவர்கள் தெற்கே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு வழியாகக் கரோலினா வரை இறங்கினார்கள். மலைத்தொடர் மேற்கே போகவிடாமல் அவர்களைத் தெற்கே திருப்பிவிட்டது.

நியூயார்க் கதை கொஞ்சம் வேறு. ஹட்சன் ஆற்றில் அல்பனி வரை ஓதம் ஏறும், அங்கிருந்து தோல் வணிகம். ஆனால் ஆற்றோர நிலத்தை டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே பெரும் ஜமீன்களாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். 1664-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. குத்தகைக்காரராக யார் போவார்கள், பக்கத்திலேயே பென்சில்வேனியாவில் சொந்த நிலம் கிடைக்கும்போது?

கரோலினாவில் நெல் எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன்.

1670-இல் சார்ல்ஸ் டவுனில் குடியேறியவர்களில் பலர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். தீவில் நிலம் தீர்ந்துபோனதால் அடிமைகளையும் அடிமைச் சட்டத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். என்ன பயிர் என்று முதலில் தெரியவில்லை. 1690-களில் நெல் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்துக்காரருக்கு நெல் விவசாயம் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகாம்பியாவிலிருந்து சியரா லியோன் வரையிலான கரையில் நூற்றாண்டுகளாகச் சதுப்பிலும் ஓத நிலத்திலும் நெல் விளைவித்தவர்கள் உண்டு. அங்கிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் அந்த வயல்களில் நின்றார்கள். அவர்கள் அறிவின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விதையைக் குதிகாலால் மண்ணில் அழுத்தும் முறை, உரல், உலக்கை, புடைக்கும் முறம் ஆகியவற்றைப் பார்த்தபின் எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் எஞ்சவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓதப் பாசனம் வந்தது. கரோலினா, ஜார்ஜியாக் கரையில் கடல் ஐந்தாறு அடி ஏறி இறங்கும். ஏறும்போது ஆற்று நீரைப் பின்னுக்குத் தள்ளும். உப்பு நீர் கனமானதால் அடியில் தங்கும், நன்னீர் மேலே மிதந்து உயரும். ஆற்றோரச் சைப்ரஸ் காட்டை வெட்டி, கரை எழுப்பி, அந்தக் கரைக்குள் ஒரு மரப்பெட்டி மதகைப் புதைத்தார்கள். அதன் பெயர் ட்ரங்க். தொடக்கத்தில் அது உள்ளே குடைந்த ஒற்றை மரம், அடைப்பு ஒன்று போட்டது. பிறகு இரண்டு முனையிலும் தொங்கும் கதவு உள்ள நீண்ட பெட்டி. ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கிவிட்டால், ஏறும் ஓதம் உட்கதவைத் தானே தள்ளித் திறந்து வயலுக்குள் பாயும். ஓதம் இறங்கும்போது வயலில் நிற்கும் நீர் அந்தக் கதவை அழுத்தி மூடிக்கொள்ளும். வடிக்க வேண்டுமென்றால் இதையே தலைகீழாகச் செய்யலாம். ஏற்றம் இல்லை, மாடு இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது, உப்பு எப்போது மேலேறும் என்று பார்க்க மதகுக்கென்றே ஒரு ஆள் இருப்பார். வறட்சியில் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கதவைத் திறந்தால் போகமே போய்விடும். அவ்வளவு நுட்பம் தெரிந்த அந்த மனிதர் சட்டத்தின் கண்ணில் இன்னொருவரின் சொத்து.

1770-களில் அந்தக் கரையிலிருந்து ஆண்டுக்கு 6 கோடி பவுண்டுக்கு மேல் அரிசி ஏற்றுமதியானது. இடுப்பளவு சேற்றில், பாம்புக்கும் முதலைக்கும் நடுவில், கைமண்வெட்டியால் எழுப்பிய கரைகள் அவை. பகல் முழுக்க வயல் வேலை, அதோடு உரலில் குத்தும் வேலை. 1708 வாக்கிலேயே தென் கரோலினாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் நகரத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்பது போல அளவு வைத்து வேலை வாங்கினார்கள். முடித்தவர் மிச்ச நேரத்தில் தன் தோட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் குறைவாக நடமாடிய அந்தத் தாழ்நிலத்தில்தான் ஆப்பிரிக்க வழியினரின் குல்லா மொழியும் பண்பாடும் வேர்விட்டன.

பக்கத்திலேயே இருக்கும் வட கரோலினா ஏன் அப்படி ஆகவில்லை?

கப்பல் உள்ளே வர முடியவில்லை. அவுட்டர் பேங்க்ஸ் என்ற மணல் தீவுகள் கரையை மறித்து நிற்கும், உள்ளே ஆழமில்லாத காயல். கறுப்புத்தாடி என்ற கொள்ளைக்காரன் அங்கே ஒக்ரகோக்கில் ஒளிந்திருந்து 1718-இல் கொல்லப்பட்டதும் அந்த ஆழமின்மையை நம்பித்தான். பெரிய பண்ணைகளைவிடச் சிறு விவசாயிகளும், நீள்ஊசிப் பைன் காட்டில் தாரும் கீலும் காய்ச்சுகிறவர்களும் அதிகம்.

அப்படியானால் அடிமைமுறைக்கு நிலம்தான் காரணம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. வெப்பம், நெல், புகையிலை, அதனால் அடிமைகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொன்னால் குற்றவாளி தப்பிவிடுகிறார்.

வர்ஜீனியாவில் 1619-லேயே ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகள் அதே புகையிலையைப் பெரும்பாலும் ஆங்கிலேய ஒப்பந்தக் கூலிகள்தான் பயிரிட்டார்கள். நிலம் மாறவில்லை, சட்டம் மாறியது. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இல் எழுதினார்கள். பிறக்கும் பிள்ளையும் அடிமை என்று அதற்குப் பொருள். 1705-இல் அடிமைச் சட்டத் தொகுப்பே வந்தது.

ஜார்ஜியா இன்னும் தெளிவான சாட்சி. தென் கரோலினாவின் அதே மண், அதே ஓதம், அதே கொசு. ஆனால் அதன் அறங்காவலர்கள் 1735-இல் அடிமைமுறையைத் தடைசெய்தார்கள். அந்தத் தடை 1750 வரை நின்றது. பிறகு பக்கத்துக் காலனியின் லாபத்தைப் பார்த்துக் குடியேறிகள் நெருக்கித் தடையை உடைத்தார்கள். நிலம் ஒரு பயிரை லாபகரமாக்கலாம். அந்த லாபத்துக்காக யாரைச் சங்கிலியில் கட்டுவது என்று மனிதர்கள் சட்டமன்றத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்.

அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள்?

‘வெறும் காடு’ என்று நினைத்துக்கொண்டு வந்த இடம் பெரும்பாலும் யாரோ உழைத்து வைத்த நிலம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேர் ஹட்சன் முகத்துவாரப் பக்கம் போகக் கிளம்பி, கேப் காடின் மணல் திட்டுகளில் வழி தடைபட்டு, பிளிமத்தில் இறங்கினார்கள். மரம் வெட்டிச் சுத்தப்படுத்திய சோள வயல்கள் அங்கே தயாராக இருந்தன. அது பட்டுக்ஸெட் என்ற ஊர். 1616 முதல் 1619 வரை ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம் 1614-இல் பிடிக்கப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். தப்பித்து, இங்கிலாந்து வழியாக 1619-இல் ஊர் திரும்பினால் ஒருவரும் இல்லை. அவர்தான் வந்தவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார், தன் சொந்த ஊரின் வயலில்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு. சென்னை மாநகராட்சியின் முதல் மேயர், 1688-இல் பதவியேற்ற நத்தானியல் ஹிக்கின்சன், கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர். அவர் 1718-இல் அனுப்பிய சரக்கு மூட்டைகளை விற்ற பணம் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்குப் போனது. அது இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

இன்னொன்று மனத்தை உறுத்துவது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த பருத்தித் துணி, லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பொருள்களில் முக்கியமானது அது. நெய்தவருக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

இன்றும் கண்ணால் பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நிறைய. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் ‘ரோலிங் ரோடு’ என்ற பெயர்ப் பலகைகள் இருக்கின்றன, பீப்பாய் உருட்டிய வழிகள். நியூ இங்கிலாந்துக் காடுகளில் நடந்தால் மரங்களுக்கு நடுவே எதையும் பிரிக்காமல் கல் வேலிகள் ஓடும். ஒரு காலத்தில் அவை வயல்கள். சார்ல்ஸ்டனுக்கு அருகில் மவுண்ட் ப்ளெசன்ட்டில் சாலையோரம் குல்லா பெண்கள் புல்லில் சுருள் சுருளாகக் கூடை பின்னி விற்கிறார்கள். தட்டையான அகலக் கூடையைக் கையில் எடுத்தால் நம் வீட்டு முறம் ஞாபகம் வரும். அரிசி புடைத்த கூடையின் வழித்தோன்றல் அது. அதே கரையில் பழைய நெல் வயல்கள் இன்று நீர்ப்பறவைகளுக்கான சதுப்பு நிலங்கள். அவற்றுக்கு நீர் ஏற்றி இறக்க இப்போதும் மரத்தில் ட்ரங்க் செய்து கரையில் புதைக்கிறார்கள், இரண்டு முனையிலும் அதே தொங்கு கதவோடு.